கீழ்வேளூருக்கு ஒரு பிசிஆர் மிஷின்

ஐப்பசி 22, வியாழன்.

இன்று மதியம் மிஷின் கம்பெனிக்காரர் என் லேபுக்கு வந்தார். "ஆசியா முழுக்க பிசிஆர் டெஸ்ட்டுக்கு மார்க்கெட் ஏறிக்கிட்டே போகுது மேடம்" என்று லேப்டாப்பில் வரைபடம் காட்டினார். கீழ்வேளூருக்கு ஒரு மிஷின் வேண்டும் என்றேன். சிரித்துவிட்டார்.

"தஞ்சாவூர் வரைக்கும்தான் எங்க லிஸ்ட் மேடம். இங்கே அவ்வளவு கேஸ் வராதே."

அப்போதுதான் மனைவியின் ரிசல்ட் கேட்டு குமார் உள்ளே வந்தார். அவர் மனைவி செல்வி நடவு வேலைக்குப் போகிறவள். டெங்குவா, எலிக்காய்ச்சலா என்று டாக்டருக்கே குழப்பம். ஆரம்பத்தில் எந்தக் காய்ச்சல் என்பது, ரத்தத்தில் கிருமியையே தேடும் பிசிஆரில்தான் தெளிவாகத் தெரியும். திங்களன்று நான் எடுத்த ரத்தம், தஞ்சாவூர் லேபின் வண்டி வரும்வரை இரண்டு நாள் என் ஃப்ரிட்ஜில் கிடந்தது. இன்றுதான் ரிசல்ட் வந்தது. எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீரில் பரவும் எலிக்காய்ச்சல்.

"நேத்து ராத்திரியே மூச்சு முட்டிப் பெரியாஸ்பத்திரியில சேர்த்துட்டோம்க்கா. கிட்னி பாதிச்சிருக்காம். முன்னாடியே தெரிஞ்சிருக்கக் கூடாதா?"

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ரிசல்ட்டைச் சொன்னேன். பிழைத்துக்கொள்வாள் என்றார்கள்.

கம்பெனிக்காரர் லேப்டாப்பை மூடியிருந்தார். "லிஸ்ட்ல எங்க ஊரைச் சேருங்க. இல்லேன்னா வேற கம்பெனிகிட்ட வாங்கிக்கறேன்" என்றேன். மேலிடத்தில் பேசுகிறாராம். பேசட்டும். சனிக்கிழமை நான் திருச்சி போய் இன்னொரு கம்பெனியைப் பார்க்கிறேன்.

செல்வியோடு நாற்று நட்ட இரண்டு பெண்களுக்கும் காய்ச்சல் என்று குமார் போகும்போது சொன்னார். விடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய் ரத்தம் எடுக்க வேண்டும். யாருக்கும் காத்திருக்கப் போவதில்லை. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானே தஞ்சாவூர் பஸ் ஏறிவிடுவேன்.