ஓடையைப் பிடித்து நடந்தேன்

மே 3
முழுப்பரீட்சை முடிந்தது. அப்பாவுக்கு அச்சகத்தில் இரவு ஷிஃப்ட், அண்ணன் விடுதியில். என்னைத் தனியாக விட முடியாதாம். அம்மா காட்டில் பறவை கணக்கெடுக்கப் போகும்போது நானும் போக வேண்டும். "பல்லியைப் பார்த்தே ஊரைக் கூட்டுறவ, காட்டுல என்னடி பண்ணுவே?" என்று அப்பா சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 6
சோதனைச் சாவடியிலிருந்து ஐந்து மணி நேர நடை. ஓடையோரம் கூடாரம். மர உச்சியைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி. யார் பார்க்கணும்னு இவ்வளவு உயரம்?

மே 7
அம்மா பாறையில வழுக்கி விழுந்துட்டா. கால் முறிஞ்சிருக்கு. போன் தண்ணியில போச்சு. என்ன பண்றது — நான் என்ன பண்றது?

சாயங்காலம்: அழுதுகொண்டே நின்றேன். "அழுகையை அப்புறம் வச்சுக்க, முதல்ல என்னைத் தூக்கு" என்றாள். கூடாரக் கம்பி இரண்டை வைத்து, துண்டைக் கிழித்துக் காலைக் கட்டினேன். அவள் கத்தவில்லை. உதட்டில்தான் பல் பதிந்த தடம்.

மே 8
மழை. பிஸ்கட் ஆறுதான் மீதி. விழுந்து கிடந்த மரத்தடியில் நனையாத சுள்ளி தேடினேன். பதினேழு தீக்குச்சி வீண், பதினெட்டாவது பற்றியது. அம்மாவுக்கு உடம்பு கொதிக்கிறது. ஞாயிறன்றுதான் திரும்புவதாகச் சொல்லியிருந்தோம்; அதுவரை எங்களை யாரும் தேடப்போவதில்லை. அதற்குள்... அதை எழுத மாட்டேன்.

"நான் போறேம்மா."

"வேணாம்."

"ஓடையைப் பிடிச்சுத்தானே வந்தோம்? அதைப் பிடிச்சே போறேன்."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு தன் விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள்.

மே 10
ஆஸ்பத்திரி வராந்தா. அம்மா உள்ளே.

நேற்று விடிந்ததும் கிளம்பினேன். திரும்பி வர அடையாளமாக, கிளைகளில் துணியைக் கட்டிக்கொண்டே போனேன். ஓடை வளையும் இடத்தில் பனி விலகியது. யானைகள். பதினொன்று! எனக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு தெருவின் அகலம்தான். பாறைக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றேன். ஒரு குட்டிக்குத் தும்பிக்கையால் உறிஞ்சத் தெரியவில்லை. வாயைத் தண்ணீரில் முக்கிக் குடித்தது. பெரியது ஒன்று என் பக்கம் திரும்பிப் பார்த்தது. பார்த்தது, அவ்வளவுதான். பயப்படணும்னுகூடத் தோணலை. அத்தனை பெரிய உடம்புகளும் சத்தமே இல்லாமல் மரங்களுக்குள் கரைந்தன. அம்மா அங்கே கிடக்கிறாள் என்பதையே ஒரு கணம் மறந்துபோனேன். எப்படி மறந்தேன்? அழுகை வந்தது. ஓடினேன்.

சாவடிக் காவலர் டீ கொடுத்து, "நீ இங்கயே இரும்மா, நாங்க பார்த்துக்கறோம்" என்றார்.

"அம்மா இருக்கிற இடம் எனக்குத்தான் தெரியும்."

டீயை வைத்துவிட்டு முன்னால் நடந்தேன். ஸ்ட்ரெச்சரோடு ஆறு பேர் என் பின்னால். எங்களைப் பார்த்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை: "உனக்கு ரெண்டு பிஸ்கட் எடுத்து வச்சிருக்கேன்."

மே 11
காய்ச்சல் இறங்கிவிட்டது. அப்பா என் தலையில் கை வைத்தார். எடுக்கவே இல்லை.

ஜூன் 2
பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கிறது. மீதிக் கணக்கெடுப்புக்கு அம்மாவின் அலுவலக அக்கா கிளம்பினார். வழி காட்ட ஆள் வேண்டுமாம். "அவளையே கேளு" என்றாள் அம்மா. அப்பா என் ஷூவைத் தேடி எடுத்து வந்து வாசலில் வைத்தார்.

இப்போது ஓடையோரம், காலை ஆறு மணி. பனிக்குள் எங்கிருந்தோ நீளமாக ஒரு கூவல். இதுவரை கேட்டதே இல்லை. அக்கா நல்ல தூக்கத்தில் இருக்கிறார். நான் ஷூவை மாட்டிவிட்டேன்.