பைப் இடுக்கில் இருந்த பாட்டில்கள்

ஜூன் 3, செவ்வாய்

இன்று நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "சார், அந்த ஆசிட் பாட்டில்களை அங்கே வைக்கச் சொன்னது நான்."

சின்ன வாக்கியம். சொல்வதற்கு இடமும் இருந்தது, நேரமும் இருந்தது. நடந்ததை இப்போதே எழுதிவிடுகிறேன். விட்டால் நாளைக்கே எனக்குச் சாதகமாக ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

ரத்தம் பரிசோதிக்கும் மெஷின் இருக்கிற அறையில் ஏசி மறுபடியும் குளிரவில்லை. சூடு ஏறியதும் மெஷின் தானாக நின்றுவிட்டது. சாரம் பகுதியில் உள்ள சர்க்கரைக்காரர்கள் பாதிப் பேர் வெறும் வயிற்றோடு லேபில் உட்கார்ந்திருந்தார்கள். ரிசப்ஷனில் நான் ஒருத்தி. ஒரு பெரியவர், "எடுத்த ரத்தத்தத் திருப்பிக் குடும்மா, நான் வேற எடம் பாத்துக்கறேன்" என்றார்.

மெக்கானிக் ராஜவேல் வந்து, மாடிப்படிக்குக் கீழே ஏசி பைப்புகள் மேலே ஏறிப்போகும் இடுக்கின் கதவைத் திறந்தார். சோப்பு நுரை தடவியதும் ஒரு வளைவில் குமிழி குமிழியாக வந்தது. கேஸ் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு வாசனை கிடையாதாம், சத்தமும் கிடையாதாம். காப்பர் முழுக்கப் பச்சை பிடித்திருந்தது. கீழே தரையில், டாய்லெட் கழுவுகிற ஆசிட் பாட்டில்கள். ஒன்றுக்கு மூடி சரியாக இல்லை.

"ஆசிட் ஆவி காப்பரத் தின்னுடும் சார்" என்றார் ராஜவேல். "அதுவும் இல்லாம, இது பில்டிங் கட்டனப்ப போட்ட பைப்பு. கடல் காத்து வேற. மொத்தமா மாத்திட்டா நல்லது."

லேப் முதலாளி காசிலிங்கம் சார் முதல் வாக்கியத்தைக் கேட்டதோடு நின்றுவிட்டார். நானும்தான். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனில் கட்டிய கட்டடம் இது. ஒரு சுவரில் ஆணி அடித்தால்கூட யார் என்று கேட்பார். "யார் இங்க வெச்சது?" என்று கேட்டார்.

துடைப்பத்தோடு நின்றிருந்த ஜெயசித்ரா அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, "நான்தான் சார் வெச்சேன்" என்றாள்.

அது பொய் இல்லை. வைத்த கை அவளுடையது.

ஜூன் 4, புதன்

ஏன் அங்கே வைக்கச் சொன்னேன்?

புத்தகங்களுக்காக. என் நாற்காலிக்குப் பின்னால் ஓர் அலமாரி இருக்கிறது. கீழ்த்தட்டில் பினாயில், ஆசிட், துணிகள். மேல்தட்டில், பழைய ரிப்போர்ட் கவர்களுக்குப் பின்னால், என் புத்தகங்கள். கூட்டம் இல்லாத மதியங்களில் மடியில் வைத்துப் படிப்பேன். அது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். "இன்னா கவி, இந்தப் பொஸ்தகத்துலயாவது அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா?" என்று கேட்பாள். அவள் பெருக்கும்போது நான் கதை சொல்வேன். முடிவு பிடிக்கவில்லை என்றால் அவளே மாற்றிவிடுவாள்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் ஒரு புத்தகத்தை விரித்தபோது ஆசிட் நெடி அடித்தது. ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. பாட்டில்களை எங்கேயாவது மாற்றச் சொன்னேன். எங்கே என்றாள். பைப் இடுக்கைக் காட்டினேன். "அங்க தெனமும் குனிஞ்சி எடுக்கணுமே, என் இடுப்பு இன்னாத்துக்கு ஆவறது" என்றாள். ஆனாலும் அன்றே மாற்றினாள்.

புத்தகத்தைக் காப்பாற்றினேன். நெடி எங்கே போகும் என்று யோசிக்கவில்லை.

நேற்று வாயைத் திறந்திருந்தால் புத்தகங்களையும் சொல்ல வேண்டியிருக்கும். அந்த லேபில் எனக்கென்று இருந்தது அந்தத் தட்டு ஒன்றுதான். அதக் காட்டிக்குடுக்க மனசு வரல. சரி, அக்காவக் காட்டிக்குடுக்க மட்டும் வந்துச்சா?

ஜூன் 7, சனி

திங்கள்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சார் அக்காவிடம் சொல்லிவிட்டார். துப்புரவுக்கு ஒரு கம்பெனியில் பேசிவிட்டாராம். பயிற்சி கொடுத்த ஆட்களை அனுப்புவார்களாம்.

மீன்பிடித் தடைக்காலம் இன்னும் முடியவில்லை. அவள் வீட்டுக்காரர் அம்மாவாசை அண்ணன் கடலுக்குப் போகாமல் கரையில் வலை தைத்துக்கொண்டிருக்கிறார். இந்த மாதங்களில் அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடும். இது எனக்கு முன்பே தெரியும். செவ்வாய்க்கிழமையும் தெரியும்.

டிபன் டப்பாவையும், ஈரத்தரைக்கென்று வைத்திருந்த ரப்பர் செருப்பையும் பையில் போட்டுக்கொண்டு என் மேஜையருகே நின்றாள். கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மேல்தட்டுல பூச்சி உருண்டை போட்டு வை. வெள்ளப்பூச்சி ஓடிச்சி, காலைல பாத்தேன்" என்றாள்.

போய்விட்டாள்.

புத்தகத்தில் இப்படி ஒரு காட்சி வந்தால், ரிசப்ஷனில் உட்கார்ந்துகொண்டு சும்மா இருந்தவளை நான் திட்டிக்கொண்டே பக்கத்தைத் திருப்பியிருப்பேன்.

ஜூன் 9, திங்கள்

புதுப் பெண் வந்தாள். நீலச் சட்டை, பெயர் சுடர்விழி. ஆசிட்டை எங்கே வைக்கட்டும் என்று என்னிடம்தான் கேட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

நோணாங்குப்பம், அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். முத்தியால்பேட்டையில் என் வீட்டிலிருந்து வண்டியில் போகும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் உதவவில்லை.

தடைக்காலம் நேற்றோடு முடிந்து அம்மாவாசை அண்ணன் கடலுக்குப் போயிருந்தார். அக்கா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லேன். யாரு வேணான்னா?"

புடவையைப் பிழிந்து உதறினாள். என் மேல் தெறித்தது. வேண்டுமென்றே இல்லை என்று நினைக்கிறேன்.

"அன்னிக்கி நீ வாயத் தொறப்பேன்னு பாத்தேன் கவி. நீ கம்ப்யூட்டரப் பாத்துக்கினு இருந்த."

ஆமாம். திரையில் ஒன்றுமே இல்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நான் சொன்னா கோளு சொல்றேம்பாரு. நீ சொல்லியிருந்தா நம்பியிருப்பாரு. அவ்ளோதான்."

எப்போது போனாலும் சாப்பிட்டுவிட்டுப் போ என்பாள். இன்று சொல்லவில்லை.

ஜூன் 16, திங்கள்

சொல்லிவிட்டேன். புத்தகம், நெடி, இடுக்கு எல்லாவற்றையும்.

சார் சிரித்தார். "இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கற? தெரியாம நடந்தது, விடும்மா."

அக்காவும் தெரியாமல்தான் வைத்தாள் என்றேன். கம்பெனியோடு ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். படிப்பது நல்ல பழக்கம்தான் என்றும், மேல்தட்டு முழுவதையும் நானே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

நான் எதற்குப் பயந்தேனோ அப்படி ஒன்று இல்லவே இல்லை. அதே பாட்டில், அதே இடுக்கு. அவளுக்கு வேலை போனது. எனக்கு ஒரு தட்டு கிடைத்தது.

இதை வாங்கிக்கொண்டு எப்படி வெளியே வந்தேன்? "தேங்க்ஸ் சார்"னு வேற சொன்னேன். சொன்னேனே.

ஜூலை 2, புதன்

புத்தகங்களை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். பையைப் பார்த்ததும் அம்மா, "வேலைய உட்டுட்டியா?" என்றாள். இல்லை என்றேன். விட்டிருக்கலாமோ? சம்பளம் வேண்டும். எல்லோருக்கும்தான் வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கேஸ் மறுபடி இறங்கிவிட்டது. மெஷின் நின்றது. ராஜவேல் வந்தார்.

இடுக்கின் கதவு திறந்ததும் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன். ஜூனில் அவர் பற்றவைத்த இடம் அப்படியே இருந்தது. நுரை தடவியும் குமிழி வரவில்லை. அவரோடு மொட்டைமாடிக்குப் போனேன். பைப்பைச் சுற்றியிருந்த கறுப்பு ஸ்பான்ஜை உரித்தார். அது அவர் கையிலேயே பொடிந்து விழுந்தது. உள்ளே பைப் பச்சையாக, சில இடங்களில் காகிதம் போல மெலிந்திருந்தது. நுரை தடவிய இடமெல்லாம் குமிழி.

அங்கே எந்தப் பாட்டிலும் இருந்ததில்லை. வெயிலும் கடல் காற்றும்தான்.

"அப்ப அந்த ஆசிட்?" என்று கேட்டேன்.

"அது ஒரு எடத்தக் கொஞ்சம் சீக்கிரமா தின்னுச்சி. அது இல்லன்னாலும் இந்தப் பைப்பு போயிருக்கும். நான் அன்னிக்கே சொன்னனே." உங்களுக்கும் கேட்டிருக்குமே என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

கேட்டது. இந்த நோட்டில் எழுதிக்கூட வைத்திருக்கிறேன்.

கீழே வந்து சாரிடம் சொன்னார். "பழசாயிட்டா அப்படித்தான். யாரைக் குத்தம் சொல்றது" என்றார் சார். முழுக்க மாற்றச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன். நோணாங்குப்பம் சுற்றுலாப் படகுத் துறையில் லைஃப் ஜாக்கெட் கழுவிக் காயவைக்கிற வேலை கிடைத்திருக்கிறதாம். மாடியில் பார்த்ததைச் சொன்னேன். ஆசிட் இல்லாமலேயே அந்தப் பைப் போயிருக்கும் என்றேன்.

பின்னால் படகு இன்ஜின் சத்தம் கேட்டது.

"அப்டியா" என்றாள். "போட்டு வந்துடிச்சி கவி. அப்பறமா பேசறேன்."

ஆகஸ்ட் 30, சனி

பைப் முழுக்க மாற்றியாகிவிட்டது. மெஷின் அறை நன்றாகக் குளிர்கிறது. அக்கா கூப்பிடவில்லை.