தூணுக்குள் நின்ற தண்ணீர்

ஸ்கார்பெக், யார்க்ஷயர்
அக்டோபர் 12, 1908

அன்புள்ள தம்பி லயனலுக்கு,

அக்கா ஹெஸ்டர் எழுதுவது. நாங்கள் சுகம். உன் மார்ச்சளி தேறியதா? லண்டன் புகையில் அலையாதே என்றால் நீ எங்கே கேட்கிறாய்.

நீ வரைந்த ஸ்டேஷனைப் பார்க்க இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நடைமேடையின் கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்க்கிறார்கள். தூண்களின் அடியில் பதித்த பச்சை ஓடுகளைத் தடவிப் பார்க்கிறார்கள். மீன்கடை மிஸஸ் கிளெக், "ஏன்டி ஹெஸ்டர், உன் தம்பி நாம ரயிலேற எடம் கட்டுனானா, இல்ல ராஜா குளிக்க எடம் கட்டுனானா?" என்கிறாள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன்.

ஒரு சின்ன விஷயம். உன் அத்தான் ஜேபஸுக்கு மூன்றாம் தூண் பிடிக்கவில்லை. கூரைத் தண்ணீர் மற்ற தூண்களின் உள்ளே இறங்கித் தரைக்கடியில் போய்விடுகிறது, இதில் மட்டும் நிற்கிறதாம். "மத்ததத் தட்டுனா கணீர்ங்குது, இது ஊமையா இருக்கு. பழைய ஸ்டேஷன்ல தூணடியில கையளவு கதவு இருக்கும். தொறந்து கரியையும் புறா எறகையும் வாரிப் போட்டுடுவோம். இதுல உன் தம்பி கதவ எங்க வெச்சான்?" என்று கேட்கிறார். நடைமேடை மேஸ்திரி என்பதால் பழுதைப் புகார்ப் புத்தகத்தில் எழுத வேண்டியவர் அவர்தான். எழுதினால் பெரிய இன்ஜினியர் வரைக்கும் போகும். "மச்சினன் பேரு கெட்டுடும், மொதல்ல நீ ஒரு கடுதாசி போடு" என்றார். போட்டுவிட்டேன்.

உன் பிரியமுள்ள அக்கா,
ஹெட்டி

லண்டன்
அக்டோபர் 17, 1908

என் பிரிய ஹெட்டிக்கா,

நீ அனுப்பிய இஞ்சி கேக் தூளாகத்தான் வந்து சேர்ந்தது. தூளையும் விடவில்லை.

அத்தானுக்குப் பாம்புச் செவி. கதவு இருக்கிறது அக்கா, ஓட்டுக்குப் பின்னால் இருக்கிறது. முதல் வரைபடத்தில் வெளியேதான் வைத்திருந்தேன். ரயில் கம்பெனித் தலைவர் பார்த்துவிட்டு, "அதென்னப்பா, ஒவ்வொரு தூணுக்கும் ஒரு அடுப்பு வாய்?" என்றார். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே ஓடு போட்டு மூடி வேறு படம் வரைந்து கொடுத்தேன். திறப்பு விழாவில் அவர் என் தோளில் தட்டியது அதற்காகத்தான்.

எங்கள் ஆபீஸ் பெரியவர் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். அவர் நாற்காலிக்கு இரண்டு பேர் போட்டி, அதில் நான் ஒருவன். இந்த நேரம் பார்த்து என் தூண் அடைத்துக்கொண்டது என்று புகார் வந்தால், ஆயுசு முழுக்க அடுத்தவன் படத்துக்கு மை தொட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். புத்தகத்தில் எழுத வேண்டாம் என்று அத்தானிடம் சொல். குளிர் போனதும் நானே வந்து ஓட்டைப் பெயர்த்துச் சரிசெய்கிறேன்.

உன் செல்லத் தம்பி,
லயனல்

ஸ்கார்பெக்
டிசம்பர் 27, 1908

அன்புள்ள தம்பி,

கிறிஸ்துமஸுக்கு வருவாய் என்று பெரிய வாத்தாக வாங்கிப் பொரித்தேன். மூன்று நாளாக அதையே தின்கிறோம். "வேல இருந்திருக்கும், விடு" என்கிறார் அத்தான். அவர் உனக்காகப் பரிந்து பேசும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

இங்கே எல்லாம் கல்லாக உறைந்து கிடக்கிறது. மூன்றாம் தூணுக்குள் நின்ற தண்ணீரும் உறைந்துவிட்டது. கூரைத் தண்ணீர் போக வழியில்லாமல் நடைமேடையில் வழிந்து பனிக்கட்டியாகிறது. நேற்று ஆலைக்குப் போன பெண்கள் இருவர் வழுக்கி விழுந்தார்கள். "இனிமே பொறுக்க முடியாது, எழுதிடறேன்" என்று கிளம்பியவரை, உன் பதில் வரட்டும் என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். என்ன செய்ய வேண்டும், உடனே எழுது.

ஹெட்டி

லண்டன்
டிசம்பர் 29, 1908

ஹெட்டிக்கா,

கெஞ்சிக் கேட்கிறேன், எழுத வேண்டாம். ஏணி வைத்து ஏறி, கூரைக் கால்வாய் தூணுக்குள் இறங்கும் வாயில் உப்புப் போட்ட வெந்நீரை ஊற்றச் சொல். ஆறவிடக் கூடாது, கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும். நாலு வாளி போனால் திறந்துகொள்ளும். எனக்காக இந்த ஒரு உதவி.

உன் செல்லத் தம்பி,
லயனல்

லண்டன்
ஜனவரி 8, 1909

அக்கா,

அடக்கத்துக்கு வந்தேன். கல்லறைத் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

உறைந்த வார்ப்பிரும்பில் கொதிநீர் பட்டால் பிளக்கும் என்பது எனக்குத் தெரியும். படித்தவன்தானே நான். அன்று அது நினைவுக்கு வரவில்லை, நாற்காலிதான் நினைவில் இருந்தது. தூண் வெடித்துக் கூரை அத்தான் மேல் சரிந்த செய்தியை ஆபீஸில் எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். கீழே நின்ற ஆலைப் பெண்ணுக்குக் கால் போய்விட்டது என்பதையும் வாசித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மரண விசாரணை. மேஸ்திரி பழுதை மறைத்தார், சொந்தப் புத்தியில் கொதிநீர் ஊற்றினார் என்றுதான் கம்பெனி வக்கீல் சொல்லப் போகிறார். என்னிடம் தூணின் படம் கேட்டார்கள். கதவு வெளியே தெரிகிற முதல் படத்தைக் கொடுத்துவிட்டேன். ஓடு பதித்தவர்கள் மூடிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

என் கடிதங்களை அடுப்பில் போட்டுவிடு அக்கா. அத்தானை இனி யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நான் உயிரோடு இருக்கிறேன். கம்பெனி வீட்டிலிருந்து உன்னை வெளியேற்றினால் இங்கே வந்துவிடு, கடைசிவரை நான் வைத்துக் காப்பாற்றுகிறேன்.

லயனல்

ஸ்கார்பெக்
ஜனவரி 13, 1909

லயனலுக்கு,

நேற்று மதுக்கடை மாடியில் விசாரணை நடந்தது, ஊரில் பெரிய கூடம் அதுதானே. ஜேபஸ் சோம்பேறி, முட்டாள், ஒரு பெண்ணின் காலைப் பறித்தவர் என்று வக்கீல் சொன்னதையெல்லாம் உட்கார்ந்து கேட்டேன். என் பக்கத்தில் இருந்தவர் அந்தப் பெண்ணின் அப்பா. எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார். அப்போதுதான் பையைத் திறந்து உன் மூன்று கடிதங்களையும் விசாரணை அதிகாரியிடம் கொடுத்தேன்.

குமாஸ்தா ஒரு வரி விடாமல் உரக்கப் படித்தார். நீ அடுப்பில் போடச் சொன்னதைப் படித்தார். "உன் செல்லத் தம்பி" என்பதையும் படித்தார், ஊரே கேட்டது. அம்மா போனபோது உனக்கு ஏழு வயது. நான் வளர்த்த பிள்ளை நீ. அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது.

பழிவாங்கினேன் என்று நினைக்காதே. திங்கட்கிழமை இரண்டு தடவை அடுப்பைத் திறந்தேன். நீ சொன்னது சரிதான், அவரை இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் மீதிப் பதினோரு தூண்கள் நிற்கின்றன, அவற்றுக்குக் கீழேதான் ஊர் ரயிலுக்கு நிற்கிறது. கடிதத்தை எரித்தால் ஓட்டுக்குப் பின்னால் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? நானும் உனக்காக அவரைத் தடுத்து வைத்தவள்தான். அதையும் எழுந்து நின்று சொன்னேன்.

இன்று காலை சுத்தியலோடு ஆட்கள் வந்து ஓடுகளைப் பெயர்த்தார்கள். நானும் போய் நின்றேன். ஏழாம் தூணின் கதவைத் திறந்ததும் கறுப்புத் தண்ணீர் பீச்சியடித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்கிற இடம் அது.

உன்னை என்ன செய்வார்களோ எனக்குத் தெரியாது. கூப்பிட்டால் போய் உண்மையைச் சொல். வீட்டைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், மிஸஸ் கிளெக் அவள் வீட்டில் ஓர் அறை ஒழித்துக் கொடுத்திருக்கிறாள்.

இனி எனக்கு எழுதாதே. உன் கையெழுத்தைப் பார்த்தால் பிரித்துவிடுவேன், அதனால்தான் சொல்கிறேன்.

ஹெஸ்டர் ஹோல்ராய்ட்