இவர் பிழைத்த இடம்

ஜூன் 9, 2025, திங்கள்

ஆவக்காய்க்கு மாங்காய் வெட்டி வாங்கிவந்தேன். மொட்டை மாடியில் காயவைத்த கடுகை எடுப்பதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் இவர் டிவி விவாதத்துக்குப் போயிருந்தார். எல்லோருக்கும் அரசே இலவச மருத்துவம் தர முடியுமா என்று தலைப்பு. அரசாங்க இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வாழ்நாளெல்லாம் உழைத்து, போன வருஷம் ரிட்டயர் ஆனவர், இப்போது மருத்துவ உரிமை மன்றத்தின் பேச்சாளர். ஊரெல்லாம் போய் இன்ஷூரன்ஸ் மட்டும் போதாது என்கிறார். "கையில அட்டையைக் குடுத்துட்டா வைத்தியம் ஆயிடுமா? ஆஸ்பத்திரி கட்டுங்க, டாக்டரைப் போடுங்க" என்பார். எதிரே அடையாறில் நர்சிங் ஹோம் வைத்திருக்கும் டாக்டர் ஸ்ரீவத்சன். சிரித்த முகம். "இலவசம்னா வரிசை வரும் சார். வரிசையில நிக்கறப்பவே போயிடறவங்களைப் பத்தி நீங்க பேசறதே இல்லையே?" என்று கேட்டார்.

இவர் நன்றாகத்தான் பதில் சொன்னார். ஆனால் பேச்சின் நடுவே இரண்டு தடவை நிறுத்தித் தண்ணீர் குடித்தார். அப்படி நிறுத்துகிறவர் இல்லை. வீடு திரும்பியபோது முதல் மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை மேலிருந்து பார்த்தேன்.

"ஏன்னா, மூச்சு வாங்கறதா?"

"வெயில், மணி."

வெயிலாம். மழை பெய்துகொண்டிருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

வெயில் இல்லை. இதயத்தின் முக்கியமான வால்வு ஒன்று சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டதாம். ஸ்கேன் பார்த்த டாக்டர், மாற்றித்தான் ஆகவேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார்.

பெண் ஸ்ரீலக்ஷ்மி பெருங்குடி ஆபீஸிலிருந்து நேரே வந்துவிட்டாள். "என் கம்பெனி பாலிசில நீங்க ரெண்டு பேரும் இருக்கேள்ப்பா. தேனாம்பேட்டையில நல்ல ஆஸ்பத்திரி. நாளைக்கே சேர்த்துடலாம்."

"ஊருக்கெல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியை நம்புங்கோன்னு சொல்லிட்டு, நான் மட்டும் பொண்ணோட கம்பெனி தயவுல போய்ப் படுத்துக்கறதா?"

"கொள்கைக்கு மூச்சு வாங்காதுப்பா. உங்களுக்குத்தான் வாங்கறது."

அவர் அசையவில்லை. அவள் செருப்பை மாட்டும்போது என்னைப் பார்த்த பார்வை! நீயாவது சொல்லேன் என்று. நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். நான் யார் பக்கம்? தெரியவில்லை என்று எழுதப் பார்த்தேன். பொய்.

ஜூலை 2, புதன்

அரசு மருத்துவமனையில் சேர்த்தாகிவிட்டது. நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. வார்டு சுத்தமாக இருக்கிறது. கூட்டம்தான். நோயாளிகளோடு வந்த பெண்கள் எல்லோரும் வராந்தாத் தரையில்.

பக்கத்துக் கட்டிலில் கலீமுல்லா என்று ஒருவர். மீர்சாகிப்பேட்டையில் வண்டிக்கு சீட் கவர் தைக்கும் கடை. இவருக்கு இருக்கும் அதே கோளாறு. இவரைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா சார், டிவில கத்துவியே, நீதானே? நம்ம பக்கத்து பெட்டுக்கே வந்துட்டியா! இவ்ளோ பேசினா வால்வு இன்னாத்துக்கு ஆவும்?"

இவர் சிரித்துவிட்டார். பல நாள் கழித்து.

அவர் மனைவி ஜைதூன் பீ பாயை விரித்து, ஒரு பாதியைத் தட்டிக் காட்டினாள். "குந்து அம்மா. தரை ஜில்லுனு கீது." உட்கார்ந்தேன்.

டாக்டர் ஹம்சா சின்னப் பெண். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கிறது. ஒரு காகிதத்தில் இதயத்தை வரைந்து, எதை வெட்டி எதை வைப்போம் என்று நின்றபடியே நிதானமாகச் சொன்னாள். காசு வாங்கிக்கொண்டு பார்த்த எந்த டாக்டரும் என்னிடம் இவ்வளவு நேரம் பேசியதில்லை. அடுத்த செவ்வாய் கலீமுல்லாவுக்கு, வியாழன் இவருக்கு.

ஜூலை 8, செவ்வாய்

கலீமுல்லாவுக்கு இன்று நடக்கவில்லை. நெஞ்சில் அடிபட்ட ஒருவரை அவசரமாக உள்ளே எடுத்துவிட்டார்கள்.

ஜூலை 11, வெள்ளி

நேற்று இவருக்கும் நடக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் ஏசி பழுது. இன்று காலை பாத்ரூமிலிருந்து திரும்பும்போது அப்படியே சாய்ந்துவிட்டார். நான் வராந்தாவில் இருந்தேன். "சிஸ்டர்! சாரு வுழுந்துட்டாரு!" என்று கலீமுல்லாவின் குரல்தான் முதலில் கேட்டது. அந்த மனிதர் தானும் இரைத்துக்கொண்டே கட்டிலை விட்டு இறங்கி, இவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் நினைவு வந்துவிட்டது. எனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது. அத்தனை பேர் நடுவில் கத்தினேன். "உங்க மீட்டிங்கு, ஸ்டிரைக்கு, எதுக்காவது வேண்டாம்னு சொல்லியிருக்கேனா? ராத்திரியெல்லாம் ஆத்துல ஆள் தங்கினப்போ தோசை வார்த்துப் போட்டுண்டுதானே இருந்தேன்? இப்பச் சொல்றேன். எனக்கு நீங்க வேணும். உங்க கொள்கை வேண்டாம்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "உன் இஷ்டம், மணி."

சரி, என் இஷ்டம்தான். என்னால முடியல. முடியலைன்னா முடியல. யார் என்ன வேணா சொல்லிக்கட்டும்.

ஜூலை 12, சனி

கையெழுத்துப் போட்டு அழைத்து வந்துவிட்டோம். டாக்டர் ஹம்சா தடுக்கவில்லை. "நான் உங்க இடத்துல இருந்தா நானும் இதைத்தான் செய்வேன்மா" என்றாள். இந்த இடம் கலீமுல்லாவுக்குக் கிடைக்கும் இல்லையா என்று கேட்டேன். ஏதாவது ஒரு நல்லது நடந்ததாக இருக்கட்டும் என்று ஆசை. அவள் தலையை ஆட்டினாள். "கட்டில்தான் காலியாகுது. தியேட்டர் ஒண்ணுதானே."

கலீமுல்லா கையை உயர்த்தினார். "போய்ட்டு வா சார். ரெடியாயி வந்து நமக்கும் சேத்துக் கத்து."

இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜைதூன் பீ பாயில் என் பாதியை மடிக்கவில்லை. அப்படியே விட்டு வைத்திருந்தாள்.

ஜூலை 16, புதன்

ஆபரேஷன் முடிந்தது. நல்லபடியாக. உலோகத்தில் புது வால்வு வைத்தாகிவிட்டது. ஆயுசு முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை.

தேனாம்பேட்டை ஆஸ்பத்திரியில் எனக்குக்கூடத் தனிக் கட்டில், போர்வை. ஜன்னலுக்கு வெளியே அண்ணா சாலை சத்தமே இல்லாமல் ஓடுகிறது. நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை எழுதத்தான் வேண்டும்.

ஜூலை 29, செவ்வாய்

ஜைதூன் பீ போன் செய்தாள். கலீமுல்லா போய்விட்டார்.

அவருக்குக் கொடுத்த இரண்டாவது தேதியில், பிரசவித்த கையோடு ஒரு பெண்ணைத் திணறத் திணறக் கொண்டுவந்தார்களாம். அவளை எடுத்தார்கள். தாயும் பிழைத்தாள், குழந்தைக்கும் அம்மா கிடைத்தாள். அதைத் தப்பென்று யார் சொல்ல முடியும்? இன்னொரு தேதி கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கடையைத் திறக்கப் போகிறேன் என்று சட்டையில் ஒரு கையை நுழைத்தாராம். அவ்வளவுதான்.

அவள் அழவில்லை. "சாருகிட்ட சொல்லாத அம்மா. தையல் போட்ட நெஞ்சு" என்றாள்.

நாங்கள் அங்கேயே இருந்திருந்தாலும் அவருக்கு ஆபரேஷன் சீக்கிரம் நடந்திருக்காது. வரிசையில் ஒரு ஆள் கூடுதலாக இருந்திருப்போம். அவ்வளவுதான் வித்தியாசம். நாங்கள் வந்ததால் அவருக்கு எந்தக் கெடுதலும் இல்லை. இதைப் பகல் முழுக்க எனக்குள் சொல்லிப் பார்த்தேன். சரியான நியாயம்தான். ஒன்றுக்கும் உதவவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று இவராகவே கேட்டார். "கலீமுல்லாவுக்கு ஆயிடுத்தா? போன் நம்பர் இருக்குமே உன்கிட்ட."

சொல்லிவிட்டேன். கையில் பிசைந்த மோர் சாதம்.

"எப்போ?"

சொன்னேன்.

"அன்னிக்கு நான் என்ன பண்ணிண்டிருந்தேன்?"

"கஞ்சி குடிச்சேள். ஹாலுக்கும் ரூமுக்கும் நடந்து பழகினேள்."

எழுந்து கையை அலம்பினார். என்னைத் திட்டினால் தேவலை. திட்டவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மீர்சாகிப்பேட்டைக்கு ஆட்டோவில் போனோம். கணவர் போனதால் ஜைதூன் பீ நாலு மாதம் பத்து நாள்வரை வெளி ஆண்களைப் பார்க்கக்கூடாதாம். அதனால் நான் மட்டும் உள்ளே போனேன். வெள்ளைத் துப்பட்டாவில் இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்ட்டியா?" என்று கேட்டாள். அதைத் தவிர எதையும் கேட்கவில்லை.

இவர் தெருவிலேயே நின்றார். மகன் ஆசிஃப் பக்கத்தில், டெலிவரி கம்பெனி சட்டையோடு. "போன்ல ஆர்டர் வந்துக்கினே கீது சார், கெளம்பணும்" என்று போய்விட்டான்.

செப்டம்பர் 20, சனி

தி.நகரில் மன்றம் நடத்திய விவாதக் கூட்டம். போகவேண்டாம் என்றேன். கேட்கவில்லை. நானும் கூடப் போனேன். அதே டாக்டர் ஸ்ரீவத்சன் எதிர் நாற்காலியில். மரியாதையாக உடம்பை விசாரித்தார்.

இவர் பேசி முடித்ததும் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்தார். "சார், உங்களுக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆச்சுன்னு சொன்னாங்க. எந்த கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில பண்ணீங்க?"

மேடையில் உபைத், மன்றத்தின் செயலாளர், மைக்கை வாங்கப் பார்த்தார். இவர் கொடுக்கவில்லை.

"தனியார்லதான் பண்ணிக்கிட்டேன்."

யாரோ கைதட்டினார்கள். சிரிப்பு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, பிறகு மெதுவாகச் சொன்னார். "என் பக்கத்து பெட்டுல கலீமுல்லான்னு ஒருத்தர். எனக்கு வந்த அதே வியாதி. எனக்கும் அவருக்கும் ஒரே ஒரு வித்தியாசம். என் பொண்ணு ஒரு பெரிய கம்பெனியில வேலை பாக்குது. அவர் பையனுக்கு அப்படி ஒரு வேலை கிடைக்கல. நான் உயிரோட வந்து உங்க முன்னால பேசறேன். அவர் இல்லை. இது சரியா, நீங்களே சொல்லுங்க. ஒரு தியேட்டர் இருந்த இடத்துல மூணு இருந்திருந்தா, நான் ஓடியிருக்க வேண்டாம். அவர் போயிருக்க வேண்டாம்."

ஸ்ரீவத்சனின் முறை வந்தது. "நீங்க சொல்றது சரிதான் சார். ஆனா அந்த மூணு தியேட்டருக்கு ஆள் எங்கேருந்து வரும்னும் யோசிக்கணும்" என்றார். நேர்மையான மனிதர்தான்.



செப்டம்பர் 23, செவ்வாய்

"தனியார்லதான் பண்ணிக்கிட்டேன்" என்பதோடு வீடியோவை வெட்டி, கைதட்டலையும் சேர்த்துப் பரப்பிவிட்டிருக்கிறார்கள். கலீமுல்லாவின் பெயரே அதில் இல்லை. ஸ்ரீலக்ஷ்மியின் ஆபீஸ்வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மத்தியானம் உபைத் வந்தார். காபியை ஆற விட்டுவிட்டு, "கொஞ்ச நாள் மேடை வேண்டாம் தோழர். ஆறட்டும்" என்றார். இவர் உடனே சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி சொல்வார் என்று உபைத்தும் எதிர்பார்க்கவில்லை போலும்.

வாசல்வரை போனேன். "எல்லாம் நான் கத்தினதால வந்தது" என்றேன். "இல்லக்கா, நானா இருந்தாலும் எங்க வீட்ல கத்தியிருப்பாங்க" என்றார். பின்னே யார்தான் தப்பு?

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. லேகியம் கிளறினேன். பேப்பர் மடித்தது மடித்தபடி கிடக்கிறது. இவர் இப்போது பேப்பர் படிப்பதில்லை.

ஜனவரி 6, 2026, செவ்வாய்

ஸ்ரீலக்ஷ்மியின் கம்பெனியிலிருந்து எல்லோருக்கும் ஒரு மெயில். இந்த வருஷ பாலிசியில் கணவன், மனைவி, குழந்தைகள் மட்டும். பெற்றோர் கிடையாது. தனியாக வாங்கிவிடலாம் என்று அவள் போகாத இன்ஷூரன்ஸ் கம்பெனி இல்லை. வால்வு மாற்றியவருக்கு யார் கொடுப்பார்கள்? சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அழுதாள்.

இவர் சிரித்தார். கசப்பான சிரிப்புதான், ஆனால் சிரித்தார். "நான் அந்த நாற்காலில உக்காந்திருந்தாலும் எனக்குப் பாலிசி குடுக்க மாட்டேன்டி."

பிறகு என்னிடம், "இனிமே எது வந்தாலும் அங்கேதான் மணி. முன்னாடியே போய்ச் சீட்டுப் போட்டுண்டு வந்துடலாம்."

எந்த முகத்தோடு டாக்டர் ஹம்சாவைப் பார்ப்பது?

பிப்ரவரி 4, புதன்

மாதாமாத ரத்தப் பரிசோதனைக்கு இன்று முதல் முறையாக அரசு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் ஹம்சா எங்களைப் பார்த்தாள். "வாங்க சார், தழும்பு நல்லா ஆறியிருக்கா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நோயாளியிடம் போய்விட்டாள். அவளுக்கு நின்று கோபப்பட நேரம் ஏது?

ரிசல்ட் மத்தியானம் வரும் என்றார்கள். கூட்டம் கலைந்து, வராந்தாவில் சிலர்தான் மிச்சம். சர்க்கரை மாத்திரைப் பையோடு ஜைதூன் பீ வந்துகொண்டிருந்தாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அவளோ எங்களைப் பார்த்ததும் நேரே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"சார் எப்டி கீறே?"

"இருக்கேன்மா" என்றார் இவர். பிறகு கலீமுல்லாவைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். மன்னிப்புதான் கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். தலையைச் சாய்த்து எதையோ கவனித்தாள்.

"அது இன்னா சத்தம் அம்மா? டிக்கு டிக்குனு?"

அக்கம்பக்கம் அமைதியாக இருந்தால் இவர் மார்பிலிருந்து அது கேட்கும். வீட்டில் எங்களுக்குப் பழகிவிட்டது.

இவரே சொன்னார். "வால்வும்மா. உங்க வீட்டுக்காரருக்கும் இதைத்தான் வைக்கறதா இருந்தாங்க."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. "நல்லா கேக்குது" என்றாள்.

சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அவளுக்குக் கேட்கட்டும் என்று இவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.