சாராயக்கடை வாசலோடு நின்ற தார்ச்சாலை

அனுப்புநர்:
செல்வகுமாரி, க/பெ தணிகைவேல்,
கரும்புக்கொல்லைத் தெரு, வேப்பந்திட்டு,
பாகூர் கொம்யூன், புதுச்சேரி.

பெறுநர்:
நிதித்துறைச் செயலர் அவர்கள்,
தலைமைச் செயலகம், புதுச்சேரி.

பொருள்: சாராயக்கடை வரை போடப்பட்ட தார்ச்சாலையை, மழைக்கு முன் எங்கள் தெருக்கோடி வரை நீட்டித் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊருக்குப் பிரியும் சாலை, சாராயக்கடை வாசல் வரை நல்ல தார்ச்சாலை. விளக்குகளும் எரிகின்றன. அதற்கப்பால் எங்கள் தெரு வரை மண்பாதை. மழை பெய்தால் கரும்பு வண்டியே சேற்றில் இறங்கிவிடும். கடை வரக்கூடாதென்று மறியலில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி. கடை வந்தது, அதற்காகச் சாலையும் வந்தது. வந்த வரைக்கும் நன்றி.

2. மீதிச் சாலையைப் பற்றி உரிய அலுவலகத்தில் கேட்டோம். இவ்வாண்டு பட்ஜெட்டில் இருக்கிற சாலைகளைப் பராமரிக்க மட்டுமே பணம் உண்டு என்றார்கள். ஓர் அலுவலர், "வருமானம் வர்ற எடத்துக்குத்தாம்மா மொதல்ல ரோடு போவும். உங்க தெருவுல இன்னா வருது?" என்று அன்பாகவே கேட்டார்.

3. அதற்கான பதிலைத் தங்களிடம் தெரிவிக்கிறேன். சோப்புக்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் நாங்கள் வரி கட்டுகிறோம். அதோடு, எங்கள் தெரு ஆண்கள் மழை வெயில் பாராமல் அந்தக் கடைக்குப் போய் வருகிறார்கள். கரும்பு வெட்டிய கூலி, அரிசியாக வீடு வருமுன் கலால் வரியாக அரசுக்குப் போய்விடுகிறது. கடையை மூடினால் முதியோர் உதவித்தொகைக்கு எங்கே போவது என்று தாங்கள் கேட்கலாம். அந்தச் சங்கடம் புரிகிறது. வீட்டில் நாங்கள் போடுவதும் இதே பட்ஜெட்தான். எந்தச் செலவைத் தள்ளிப்போடலாம் என்று பார்ப்போம். பிரசவத்தைத் தள்ளிப்போடத்தான் வழி தெரியவில்லை.

4. சென்ற ஐப்பசியில் பக்கத்து வீட்டுத் தனக்கொடிக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸ் கடை வாசலில் நின்றுவிட்டது. அவள் கணவர் கடைக்குள்தான் இருந்தார், தூக்கும் நிலையில் இல்லை. கடலூர்ப் பக்கத்திலிருந்து குடிக்க வந்திருந்த சிலர், கடையின் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் வந்தார்கள். "பயப்படாதம்மா, நாங்க தள்ளாடறதுலாம் ரோட்டுலதான். சேத்துல ஸ்டெடியா நடப்போம்" என்றார் ஒருவர். அவளை அந்தப் பெஞ்சில் படுக்க வைத்து, ஆம்புலன்ஸ் வரை அப்படியே நடந்தார்கள். பெண் குழந்தை, இருவரும் நலம்.

5. இந்த ஐப்பசியில் என் மகள் சுவேதாவுக்கு நாள். மாப்பிள்ளை வீடு வில்லியனூரில் தார்ச்சாலை மேலேயே இருக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று நான்தான் பிடிவாதமாக வளைகாப்பு முடித்து அழைத்து வந்தேன். திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. வலி கண்டால் தாமதிக்காமல் வரும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் இரவில் மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

6. ஆகவே, மழை தொடங்குமுன் அந்த மண்பாதைக்கும் தார் போட நிதி ஒதுக்கும்படி மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அது இயலாதெனில், ஐப்பசி முடியும் வரை சாராயக்கடைக்கு விடுமுறை விடாமலும், இரவில் அடைக்காமலும் இருக்க உத்தரவிட வேண்டுகிறேன். என் மகளைத் தூக்க ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) த. செல்வகுமாரி

இடம்: வேப்பந்திட்டு
நாள்: 01.09.2025