குடிக்காமல் விட்ட காப்பி

இன்று காலை எண்ணூர் லாக்கப்பில் ஏட்டையா என் முன்னால் காப்பி டம்ளரை வைத்தார். சிக்கரி வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ கண்மூடி ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை.

அந்த வருஷம் ஹார்பர் ஸ்டிரைக்கில் உன் தம்பியைப் பிடித்துப் போனார்கள். நம் பேட்டை லாக்கப்பைப் பார்த்து, குறை இருந்தால் எழுதித்தர மாஜிஸ்திரேட் நியமித்த மூவரில் நானும் ஒருவன். சரக்கு எண்ணி எழுதும் குமாஸ்தாவுக்கு அது பெரிய கௌரவம். முதல் நாளே சொல்லியனுப்பிவிட்டு, சலவை வேட்டியில் போவோம். நம் பேட்டை இன்ஸ்பெக்டர் தெரிந்தவர், காப்பி வரும். அன்றும் குடித்தேன். 'குறை ஒன்றும் இல்லை' என்று நோட்டில் கையெழுத்தும் போட்டேன்.

சாயங்காலம் நீ மீன்கூடையோடு என் வாசலில் நின்றாய்.

"இன்னா ரைட்டரே, என் தம்பிய பாத்தியா?"

"உள்ளே இருந்த எல்லாரையும் பார்த்தேன். அவன் இல்லையே. ஜெயிலுக்கு அனுப்பியிருப்பார்கள்."

"பின்னாடி ரூமு ஒண்ணு கீதே, அத்த தொறக்க சொன்னியா?"

சொல்லவில்லை. அப்படி ஒரு அறை இருப்பதே எனக்குத் தெரியாது. வெட்கத்தில் செத்தேன். நீ கத்துவாய் என்று நினைத்தேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாய்:

"ஏலம் வுடறவன் மீனும் அந்தக் குவியல்ல இருந்தா நாங்க ஒத்துக்குவமா? அடுத்த குப்பத்து ஆளத்தான வுடச் சொல்றோம்? இன்ஸ்பெட்டரு காப்பிய குடிச்சிட்டு அவனையே எப்டி கொறை சொல்லுவே? எண்ணூர் ஆளுங்கள இங்க வரச் சொல்லு. நீ அங்க போ. சொல்லாம கொள்ளாம போ."

மறுநாள் அதையே மனுவாக எழுதி மாஜிஸ்திரேட்டிடம் நீட்டினேன். என் கையெழுத்து தப்பு என்பதையும் எழுதினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், ஆனால் ஒப்புக்கொண்டார்.

அன்று மத்தியானமே எண்ணூர் உப்பளத்து ஆட்கள் இரண்டு பேர் நம் பேட்டை லாக்கப்பில் வந்து நின்றார்கள். அவர்களுக்கு இன்ஸ்பெக்டர் யாரோ, எவரோ. காப்பியைத் தொடவில்லை, சாவியைக் கேட்டார்கள். பின்னறையில் உன் தம்பி கால் ஒடிந்து, காய்ச்சலில் அனத்திக்கொண்டு கிடந்தான். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

அவன் கண் விழித்த அன்று காசிமேட்டுக் கரையில் என்னைப் பார்த்துச் சிரித்தாய். "பொழச்சிக்கினான் ரைட்டரே" என்றாய். அப்பாடா என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஊர் மாற்றிப் போய்ப் பார்க்கும் அந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது. இப்போது என்னோடு வரும் இன்னொரு பார்வையாளர் யார் தெரியுமா? உன் தம்பிதான். லேசாக நொண்டுகிறான், ஆனால் எனக்கு முன்னால் நடக்கிறான்.

இன்று காப்பி ஆறிக்கொண்டிருக்க, அவன்தான் ஏட்டையாவிடம் கேட்டான்: "பின்னாடி ரூம தொற சார்."

திறந்தார்கள். ஒரு பழைய பாய், ஒரு பல்லி. வேறு யாரும் இல்லை. காலி அறையைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஏட்டையா பயந்தே போனார்.