அரை இஞ்சி போல்ட்

ஒக்டோபர் 9, திங்கள்

காலை தொட்டு மழை. மகள் மதியைப் பக்கத்து வீட்டுப் புஷ்பாக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்கு. படலை தாண்டியும் அழுகை கேட்டது. ஹாபர் வீதிச் சோதனைச் சாவடியில் அரை மணி நேரம். குடையில் இன்னொரு கிழிசல்.

இவர், என் மனிசன், வெருகலுக்குப் போய் இன்றோடு அறுபத்தெட்டு நாள். "அப்பாவைக் கூட்டிக்கொண்டு நாளைக்கு வந்திடுவன்." மறுநாள் சண்டை, பாதை பூட்டு. கடிதம் இல்லை, போன் இல்லை.

வேர்க்சொப்பில் இவருடைய கதிரையில் நான். இவர் வரும்வரைக்கும் என்று முதலாளியிடம் நானே கேட்டு வாங்கியது. தொழில்நுட்பக் கல்லூரியில் வரைபடம் படித்தது இருவரும் ஒன்றாகத்தான். கையால் வரைவதில் நான் கெட்டிக்காரி. கம்பியூட்டரில் இவர்.

இன்றைய வேலை: ஐஸ் கொம்பனிப் பம்புக்குப் புது மூடி. பழையது வெடித்துவிட்டது, மீன்காரர் ஐஸ் இல்லாமல் நிற்கிறார்கள். மூடியை மட்டும் வரைந்தேன். போல்ட்டை வரையத் தேவையில்லை. மென்பொருளின் லைப்ரரியில் எல்லாம் ஆயத்தமாக இருக்கிறது. தடிப்பு, நீளம் தெரிவு செய்து துளையில் ஒரு கிளிக், வாஷரோடு வந்து குந்திவிடும். பழைய மூடியின் துளை பதின்மூன்றரை மில்லிமீற்றர். ஆகவே பன்னிரண்டு மில்லிமீற்றர் போல்ட், எட்டு. பத்து நிமிடத்தில் முடிந்தது. கொஞ்சம் பெருமை. காட்டுவதற்கு ஆள் இல்லை.

வாங்க: பால்மா, மெழுகுதிரி, காய்ச்சல் பாணி.

ஒக்டோபர் 11, புதன்

மழை விட்டுவிட்டது. புழுக்கம். மதிக்குக் கீழ்ப்பல் ஒன்று வெளியே. விரலால் தடவினால் அரிசிக் குறுணி மாதிரி.

புஷ்பாக்கா: "அச்சொட்டாத் தேப்பன்ர பல்லு."

"ஒரு பல்லை வைச்சு என்னெண்டக்கா சொல்லுறியள்?"

"கடிச்சுப் பார்த்திட்டாள். அதே கடி."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு குசினிக்குள் போய் நின்றேன், அவ பார்க்காமல்.

அரிசி ஊறப்போட மறந்துபோனேன். பாண்தான்.

ஒக்டோபர் 12, வியாழன்

மோசமான நாள்.

நசீர் நானா (வேர்க்சொப்பின் லேத் மெஷின்காரர், எங்கள் கலியாணத்துக்கு முன்பிருந்தே என் மனிசனுக்குக் கூட்டாளி) மூடியைக் கடைந்து, போல்ட் வாங்கி, ஐஸ் கொம்பனிக்குக் கொண்டுபோனவர். பத்து மணிக்குத் திரும்பி வந்து தொப்பியைக் கழற்றி மேசையில் போட்டார்.

"தங்கச்சி, உங்கட போல்ட் ரெண்டு சுத்துச் சுத்துது. பிறகு முட்டிக்கொண்டு நிக்குது."

"ஏன் நானா? துளையை அளந்துதானே போட்டனான்."

"நீங்க அளந்தது மூடிர துளையை. போல்ட் திருகிப் பூட்டுற புரி கிடக்கிறது பம்புக்குள்ள. அந்தப் பம்பு வெள்ளைக்காரன் கப்பலுக்குத் தண்ணி ஏத்தக் கொண்டந்தது. ஹாபர்ல கிடக்கிற பழசெல்லாம் இஞ்சிக் கணக்கு, மில்லி இல்லை. அரை இஞ்சி போல்ட். கண்ணுக்குப் பன்னிரண்டு மில்லி மாதிரித்தான் இருக்கும், புரிக்குப் புரி பொருந்தாது."

ஐஸ் கொம்பனி ஆள் ஒருவர் பொறுமை இல்லாமல் பெரிய ஸ்பானரால் இறுக்கி, ஒரு துளையின் புரி முழுக்கச் சப்பளிந்து போயிற்றாம்.

கொழும்பில் செய்த மென்பொருள்கூட இல்லை இது. எந்த நாட்டிலோ இருந்து வந்தது. அதன் லைப்ரரிக்கு இந்தத் துறைமுகத்தைத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாளி வரைபடத்தைக் கையில் எடுத்தார். மூலைக் கட்டத்தைப் பார்த்தார். "ரவியும் இப்பிடிப் பிழை விடுவானோ?"

வரைந்தவர் என்ற கட்டத்தில் 'வீ.ஆர்.' இவருடைய பெயரின் முதலெழுத்து. கம்பியூட்டர் தானாகவே போடுவது. இரண்டு மாதமாக நான் மாற்றவில்லை. ஒவ்வொரு தாளிலும் அது வந்து விழும்போது இவர் மேசையில் இருக்கிற மாதிரி.

இவர் எப்போதோ வரைந்து வைத்தது என்று நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நானா என்னைப் பார்த்தார், தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு லேத்துக்குப் போனார். இல்லாத மனிசன்மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சோறு தின்றேன்.

ஒக்டோபர் 13, வெள்ளி

ஆறரைக்கே போய்விட்டேன். லைப்ரரிக்குள் இவர் தானே சேர்த்த பகுதி ஒன்று உண்டு. பெயர் 'ஹாபர்'. இருப்பது தெரியும். திறக்கப் பயமாக இருந்தது, இவருடைய அலுமாரியைத் திறக்கிற மாதிரி. இன்று திறந்தேன்.

நாற்பதுக்கு மேல். எல்லாம் இவர் கையால் அளந்து செய்த போல்ட், வாஷர், பெயாரிங், பல்சக்கரம். அரை இஞ்சியும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதுகிற இடத்தில் ஒரு வரி:

— நிலாவெளி வள்ளத்து எஞ்சின். மழை, பாதிதான் அளந்தது.

— ஐஸ் பம்பு. அரை இஞ்சி. நானா சொல்லித் தெரிந்தது, இல்லாவிட்டால் நானும் மில்லிமீற்றர் போட்டிருப்பேன்.

— கந்தளாய்ச் சீனி ஆலைப் பல்சக்கரம். புழுதி. சுகந்தியின் கட்டுச்சோறு, புளி கூடிவிட்டது.

— இன்னொரு பல்சக்கரம், அரைகுறை. பல் எண்ணவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து ஆள் வந்தது. மகள்.

கடைசியை மூன்று தரம் வாசித்தேன். அந்தச் சக்கரம் இன்னும் அரைகுறையாகவே இருக்கிறது. தொடவில்லை.

எட்டு மணிக்கு முதலாளி. "ஐயா, அந்தப் பிழை நான் விட்டது. அவர் இல்லை."

"தெரியும் பிள்ளை. அவன்தான் இங்க இல்லையே. நீங்களாச் சொல்லுறியளோ எண்டு பார்த்தனான்."

சப்பளிந்த துளையை நானா பெரிதாக்கிப் புதுப் புரி வெட்டுவார். அந்த ஒன்றுக்கு மட்டும் அரை இஞ்சியைவிட அரைக்கால் இஞ்சி தடிப்புக் கூடிய போல்ட். அதுவும் 'ஹாபர்' பகுதியில் இருந்தது. மற்ற ஏழும் அரை இஞ்சி. திருத்தி வரைந்து, மூலைக் கட்டத்தில் இவருடைய எழுத்தை அழித்து 'ஆர்.எஸ்.' போட்டேன், ரவி சுகந்தி.

முதலாளி எட்டிப் பார்த்து, "அப்ப இனி வேலை உங்கட பேரிலதான். யோசிச்சுத்தானே?"

"ஓம்."

அழித்த விரல் நாள் முழுக்க ஒரு மாதிரி இருந்தது.

ஒக்டோபர் 16, திங்கள்

வெயில். பம்பு ஓடுகிறதாம். மதிக்குச் சளி.

மூன்றரைக்கு வாசலில் நிவாரணச் சாமான் லொறி. சாரதி நசீர் நானாவைத் தேடினார். கொப்பித் தாள் ஒன்று, நாலாக மடித்தது. நானா விரித்தார், ஒரு வரி வாசித்தார், என் கையில் தந்தார்.

"நானா, நாங்கள் சுகம். ஒரு பள்ளிக்கூடத்தில இருக்கிறம். அப்பாவுக்கு நடக்க ஏலாது, விட்டிட்டு வர மனம் இல்லை. சுகந்தியிட்டச் சொல்லிவிடுங்கோ. பிள்ளை தவழுதாமோ?"

சாரதி எஞ்சினை நிறுத்தவில்லை. "நீங்கதானோ அவற்ற மனிசி? கெதியா எழுதுங்கோ பிள்ளை, பத்து நிமிசம்தான். நாலு மணிக்குச் சாவடி பூட்டிடுவான்."

வரைபடத் தாளின் பின்பக்கத்தில், நின்றபடியே எழுதினேன். பிள்ளை தவழுகிறாள், பின்பக்கமாக. ஒரு பல். மாமாவுக்கு முழங்காலுக்கு எண்ணெய் போடுங்கோ. உங்கள் கதிரையில் நான்தான், கோபிக்க வேண்டாம். பம்புக்கு மில்லிமீற்றர் போட்டுப் பிழை விட்டேன், பிறகு சரி. ஹாபர் பகுதி முழுக்க வாசித்தேன். புளி கூடவில்லை. இடம் முடிந்து ஓரத்திலும் எழுதினேன். நானா தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய்க் கொடுத்தார்.

லொறி வளைவில் மறைந்த பிறகுதான் விளங்கியது. வாங்கோ என்ற ஒரு சொல்லை நான் எழுதவே இல்லை.